புதுப்பிப்பு: மலைவேம்பு சேர்ஃபிங் பலகை, எபொக்சிக் குமிழியும் காற்றுத் துளையும்

அலையில் சறுக்கும், உள்ளே கூடான மரப்பலகை பற்றிய முந்தைய இழையில், சட்டம் கட்டி 6 மி.மீ. மலைவேம்புக் கீலங்கள் ஒட்டுவது வரை எழுதியிருந்தேன். அதன்மேல் எபொக்சி (இறுக்கியோடு கலந்து பூசும் பிசின்) பூசினால் ஏன் குமிழி வருகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

காரணம் சூடேறும் மரம். காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, இறுகாத பிசினைத் துளைத்து வெளியே வரும். ஊசி குத்தினதுபோலக் குழிகள். பின்னேரம், மரம் ஆறும் நேரத்தில் பூசுங்கள். காற்று சுருங்கப் பிசினை உள்ளே இழுக்கும். முதல் பூச்சு மெல்லியதாக, துணியில்லாமல். இறுகியதும் மேலே படியும் மெழுகுபோன்ற படலத்தைத் தண்ணீரால் கழுவித் தேய்த்த பிறகே 4 அவுன்ஸ் (சதுர யாருக்கு) கண்ணாடியிழைத் துணி. சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒருமுறைக்கு 200 கிராமுக்கு மேல் கலக்க வேண்டாம், கோப்பையிலேயே சூடாகி இறுகிவிடும். தாவர எண்ணெய் கலந்த எபொக்சிக்கும் கையுறை கட்டாயம்.

ஒரு திருத்தம், முக்கியமானது: பலகையின் உள்ளே குறுக்கே நிற்கும் ஒவ்வொரு விலாச்சட்டத்திலும், காற்று அறைக்கு அறை போக, துளை போடச் சொல்ல விட்டுவிட்டேன். துளையில்லாத அறையில் அடைபட்ட காற்று, நிலாவெளி மணலின் மத்தியான வெயிலில் விரிந்து, ஒட்டிய இணைப்பைப் பிளந்துவிடும். உள்காற்றை வெளியே விடும் காற்றுத் திருகைக் கரையில் திறந்து வையுங்கள்; தண்ணீரில் இறங்கமுன் மூடுங்கள்.