டேபி: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே, வணக்கம். ஒரு மொழிபெயர்ப்பில் பல பொருள் கொண்ட 'டேபி' (tabby) என்ற ஆங்கிலச் சொல்லோடு நான்கு நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். நெசவும் கட்டட வேலையும் தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

அது பூனையைக் குறிக்கும்போது சிக்கல் இல்லை. டேபி என்பது இனமல்ல, உடம்பில் விழும் வரிகளின் அமைப்பு. நெற்றியில் ஆங்கில 'எம்' போல ஒரு கோடு இருக்கும். வரிப்பூனை என்று போட்டுவிட்டேன்.

ஆனால் பூனைக்கு முன்பே அது பட்டுத் துணியின் பெயர். பாக்தாதின் அத்தாபியா பகுதியில் நெய்த துணி அரபியில் 'அத்தாபி'. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அப்புறம், ஊடை நூல் (குறுக்கே ஓடுவது) ஒரு பாவு நூலுக்கு (நெடுக்கே ஓடுவது) மேலே, அடுத்ததற்குக் கீழே என்று மாறி மாறிப் போகிற நெசவுக்கும் இதே பெயர். தறிக்காரர்கள் இதை எப்படிச் சொல்வீர்கள்?

என்னை உண்மையில் வாட்டுவது கட்டட வேலையில் வரும் டேபிதான். அமெரிக்காவின் ஜார்ஜியா, தென் கரோலினா கடலோரங்களில் சிப்பி ஓட்டைச் சுட்டெடுத்த சுண்ணாம்போடு மணல், சாம்பல், தண்ணீர் கலந்து, சுடாத ஓடுகளையும் சேர்த்து, பலகை அடைத்துக் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். அதுவும் டேபி. ஃப்ளோரிடாவின் கிங்ஸ்லி தோட்டத்தில் அடிமைகள் வாழ்ந்த வீடுகளின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. சுவரெங்கும் சிப்பி ஓடுகள் துருத்திக்கொண்டிருக்கும். 'சுண்ணாம்புக் காரை' என்றால் அந்தச் சிப்பி காணாமல் போய்விடுகிறது. 'சிப்பிக்காரை' சரியா? கிளிஞ்சல் சுண்ணாம்பில் வேலை செய்த கொத்தனார்களிடம் வேறு சொல் இருந்தால், தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்கள்.