தொலைபேசியில் மனைவி, நேரில் அந்நியர்: அப்பாவின் மூளையில் என்ன நடக்கிறது?

கேள்வி: காவிரிக்கரை மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 74 வயது. சென்ற ஐப்பசியில் வந்த பக்கவாதத்தில் அவருடைய மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டது. நடையும் பேச்சும் பெருமளவு திரும்பிவிட்டன. நாளிதழை வரி விடாமல் படிக்கிறார், பேரப்பிள்ளைகளின் பெயர் ஒன்றுகூட மறக்கவில்லை. ஆனால் இரண்டு மாதங்களாக அம்மாவை மட்டும் அவர் அம்மாவாக ஏற்பதில்லை. அம்மா காப்பியை நீட்டினால் டம்ளரை மரியாதையாக வாங்கிக்கொண்டு, "இவ்வளவு நேரமாச்சே, உங்க வீட்டுல தேட மாட்டாங்களாம்மா?" என்று கேட்கிறார். முகம், நெற்றித் தழும்பு, புடவை எல்லாம் தன் மனைவியுடையதைப் போலவே இருப்பதை ஒப்புக்கொள்கிறார். இருந்தும் இது வேறு பெண் என்கிறார்.

சென்ற வாரம் அத்தை வீட்டுக்குப் போயிருந்த அம்மா அங்கிருந்து தொலைபேசியில் அழைத்தபோது, கால் மணி நேரம் பழையபடியே பேசினார். "சீக்கிரம் வந்துடு, இங்க யாரோ ஒருத்தி உன் புடவையக் கட்டிக்கிட்டு நடமாடறா" என்று அவர் சொன்னதைக் கேட்டு நான் அறைக்குள் போய் அழுதேன்.

மருத்துவர் இதற்குக் காப்கிராஸ் என்று பெயர் சொல்லி மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். நான் அறிய விரும்புவது வேறு. கண் பார்க்கிறது, நினைவு இருக்கிறது, அறிவும் தெளிவாக இருக்கிறது. அப்படியிருக்க எது போய்விட்டது? 48 ஆண்டு வாழ்க்கையின் அன்பு ஒரு நரம்பு அறுந்தால் போய்விடக்கூடியதா?

பதில்: உடலியல் ஆசிரியர்

சகோதரி, உங்கள் கேள்வியிலேயே விடைக்கான தடயம் இருக்கிறது. தொலைபேசியில் மனைவியை அறிந்துகொள்கிறார் என்பதுதான் அது.

1923-இல் பிரான்சு நாட்டு மனநல மருத்துவர் ஜோசப் காப்கிராஸ், தன் சக மருத்துவருடன் இணைந்து, கணவரும் பிள்ளைகளும் போலிகளாக மாற்றப்பட்டுவிட்டதாக நம்பிய ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். வெகுகாலம் இதை மனச்சிக்கலாக மட்டுமே பார்த்தார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் ஆய்வு செய்த வி.எஸ். ராமச்சந்திரனிடம், விபத்தில் தலையில் அடிபட்ட ஓர் இளைஞர் வந்தார். பெற்றோரை நேரில் கண்டால் போலிகள் என்பார்; தொலைபேசியில் பேசினால் அவர்களை ஏற்றுக்கொள்வார். உங்கள் அப்பாவிடம் நீங்கள் கண்டதும் இதுவே.

நமக்கு வேண்டியவரின் முகத்தைக் காணும்போது மூளையில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. மூளையின் அடிப்பகுதியில் முகங்களைப் பிரித்தறியும் பகுதி, 'இது இன்னார் முகம்' என்று சொல்கிறது. அங்கிருந்து அமிக்டலா உள்ளிட்ட உணர்ச்சிப் பகுதிகளுக்குச் செய்தி போகும்போது, நாம் கவனிக்காத அளவில் உள்ளங்கை வியர்க்கிறது. தோலின் மின்கடத்தும் திறனை அளந்தால் அது தெரியும். அந்த இளைஞருக்குத் தெரிந்த முகங்களைக் காட்டியபோது இந்த எதிர்வினை எழவில்லை என்று 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. முகத்தை அறியும் பகுதியும் உணர்ச்சிப் பகுதியும் நலமாகவே இருந்து, இடையிலுள்ள தொடர்பு மட்டும் அறுந்திருக்கலாம் என்பது ராமச்சந்திரனின் விளக்கம். குரல் காதின் வழியே வேறு பாதையில் போவதால் அங்கே தடை இல்லை.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. முகம் பார்த்து யாரென்று சொல்ல முடியாத ஒரு நோயாளியிடம், ஒரு முகத்தைக் காட்டியபடி பல பெயர்களை வாசித்தபோது, சரியான பெயர் வந்தபோதே அவர் தோல் கூடுதலாக எதிர்வினை காட்டியதை 1984-இல் ரஸ்ஸல் பாவர் பதிவு செய்தார். ஆகவே அன்பு எங்கும் போய்விடவில்லை. கண்ணிலிருந்து அதை எட்டும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

பதில்: வடக்கு வீதி

ஆசிரியர் சொன்னது சரி, ஆனால் பாதிதான் ஆகிறது. நெற்றிக்குப் பின்னுள்ள மூளையின் உட்புறக் கீழ்ப்பகுதி சேதமுற்ற சிலருக்கும் தெரிந்த முகங்களைக் கண்டு தோல் எதிர்வினை எழுவதில்லை; அவர்கள் யாரையும் போலி என்று சொல்வதில்லை. மனைவியைக் கண்டு மனம் அசையாமல் இருப்பது ஒன்று, 'ஆகவே இவள் வேறொருத்தி' என்று முடிவு கட்டுவது இன்னொன்று. பொருந்தாத முடிவைத் தள்ளிவிடும் வேலையும் கெட்டால்தான் இந்த நம்பிக்கை நிலைக்கும் என்றும், அது வலப்பக்க முன்மூளையைச் சார்ந்தது என்றும் மாக்ஸ் கோல்ட்ஹார்ட் போன்ற ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உங்கள் அப்பாவின் பாதிப்பும் வலப்பக்கம் என்பதைக் கவனியுங்கள்.

கதை கட்டுவது எல்லா மூளைக்கும் இயல்பு. வலிப்பு நோய்க்காக இரு மூளைப்பாதிகளின் இணைப்பைத் துண்டித்த ஒருவரிடம் மைக்கேல் கஸானிகா செய்த சோதனையை நான் வகுப்பில் முதலில் கேட்டபோது திகைத்துப்போனேன். இடப்பாதிக்குக் கோழிக்காலும் வலப்பாதிக்குப் பனிக்காட்சியும் காட்டப்பட்டன. பொருந்தும் படத்தைத் தொடச் சொன்னதும், வலப்பாதி ஆளும் இடக்கை பனி வாரும் மண்வாரிப் படத்தைத் தொட்டது. காரணம் கேட்டதும், பனியையே அறியாத, பேச்சுக்குப் பொறுப்பான இடப்பாதி, கோழிக்கொட்டகையைச் சுத்தம் செய்ய அது வேண்டும் என்று தயங்காமல் சொன்னது. அப்பாவும் பொய் சொல்லவில்லை. அசையாத மனத்துக்கு அவர் மூளை கண்டுபிடித்த காரணத்தையே சொல்கிறார்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பாதைகளை எல்லாம் அறிந்த பிறகும், நரம்பணுக்களின் இயக்கம் ஏன் ஒருவருக்கு அன்பாக உணரப்படுகிறது என்பதற்கு விடை கிடைக்கவில்லை. 25 ஆண்டுகளுக்குள் தன்னுணர்வின் நரம்பு அடிப்படை தெளிவாகிவிடும் என்று 1998-இல் மெய்யியலாளர் டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டிய நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் காக், 2023-இல் நியூயார்க்கில் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார். ஆகவே அன்பு வெறும் நரம்புதான் என்று யாரும் உங்களிடம் உறுதியாகச் சொல்ல முடியாது.

பதில்: ஒரு மருமகள்

மறதி நோயில் என் மாமியாருக்கும் இதே நிலை வந்தது, அம்மா. 'நான்தான் உங்கள் மருமகள்' என்று வாதாடிய நாள்களில் அவருடைய அச்சம்தான் கூடியது. பிறகு அறைக்குள் நுழையும் முன்பே வெளியிலிருந்து பேசிக்கொண்டு போகப் பழகினேன். குரல் முதலில் சேர்ந்துவிட்டால் சில நாள்களில் முகத்தையும் ஏற்றுக்கொண்டார். அப்பா கோபம் கொண்டு கைநீட்டினாலோ, இல்லாத உருவங்கள் தெரிவதாகச் சொன்னாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். இப்படி உருவங்கள் தெரியக்கூடிய 'லூயி உடல்' என்ற வகை மறதி நோய் இருப்பவர்களுக்குச் சில மனநோய் மாத்திரைகள் கடுமையாக ஒத்துக்கொள்ளாமல் போகும்; ஆகவே மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை அம்மாவைக் கொல்லைப்புறத்திலிருந்தே பேசிக்கொண்டு வரச் சொன்னேன். முருங்கைக்கீரையை முறத்தில் எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னபடி வந்தார். திண்ணையில் இருந்த அப்பா குரலைக் கேட்டதும் கண்களை மூடிக்கொண்டு பதில் சொல்லத் தொடங்கினார். அம்மா அருகில் வந்து உட்கார்ந்த பிறகும் அவர் கண்களைத் திறக்கவில்லை. கீரையை ஆய்ந்து முடிக்கும்வரை இருவரும் அப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள்.