செங்காந்தள் வளர்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வியாசர்பாடி மாடி:
போன போகிக்கு நடந்தது, இன்னும் மனசு ஆறவில்லை. ஆடியில் முளைத்து ஐப்பசி மழையில் பதினொரு பூ விட்ட கொடி, மார்கழி பிறந்ததும் வைக்கோலாகக் காய்ந்துவிட்டது. செத்துப்போச்சு என்று முடிவு கட்டி, பழைய பாயோடு சேர்த்து நெருப்பில் போட்டேன். அப்புறம் தொட்டியைக் கவிழ்த்தால் கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு ஒன்று வந்து விழுந்தது. கையில் எடுத்ததும் வளைவில் டக்கென்று முறிந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று, ஈரமாக இருந்தது. உயிரோடு இருந்ததை நானே ஒடித்துவிட்டேனே என்று ஆகிவிட்டது. இரண்டு துண்டையும் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன்.

கொருக்குப்பேட்டை தாத்தா:
அடப்பாவி தம்பி, வளைவில் முறிந்ததற்கா தூக்கிப் போட்டாய்? கிழங்கின் இரண்டு கிளையிலும் நுனியில் ஆளுக்கொரு முளைக்கண் இருக்கும். அந்தக் கண் நசுங்கினால்தான் முளைக்காது. உனக்கு ஒரு செடி இரண்டு செடியாகியிருக்கும்! நானும் முதல் வருஷம் நுனியைத்தான் கிள்ளித் தொலைத்தேன், அதை விடு. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கொடி காய்ந்ததும் தண்ணீரை நிறுத்து. தொட்டியை அப்படியே மழை படாத மூலையில் வை. வைகாசி, ஆனி வரைக்கும் கிளறாதே. செம்மண்ணோடு பாதிக்குப் பாதி ஆற்று மணல் கலந்து, கிழங்கைப் படுக்க வைத்து இரண்டு அங்குலம் மூடினால் போதும். போர் தண்ணீர் உப்பென்றால் மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்று. இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும், மெல்லிய குச்சி நட்டுவிடு. தடித்த கம்பை அதனால் சுற்ற முடியாது. கறுப்பில் வெள்ளைப் புள்ளி, சிவப்புப் புள்ளி போட்ட புழு வரும், ஒரே ராத்திரியில் கொடியை மொட்டையடித்துவிடும். காலையில் கையாலேயே பொறுக்கு. மருந்தெல்லாம் வேண்டாம்.

எர்ணாவூர்க்காரி:
கண் நன்றாக இருந்தாலும் முளைக்கும் என்று உறுதி இல்லை தாத்தா. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை. எங்கள் தெருவில் வந்த வெள்ளத்தில் எண்ணெய் மிதந்தது. வடிந்த பிறகு பார்த்தால் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. தொட்டிகளும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான். நான்கு கிழங்கையும் தோண்டிக் குழாயடியில் வைத்துக் கழுவினேன். விரலெல்லாம் பிசுபிசுப்பு, மண்ணெண்ணெய் மாதிரி நாற்றம். நிழலில் உலர்த்தி ஆனியில் புது மண்ணில் நட்டேன். ஒன்றுதான் வந்தது. அதுவும் அந்த வருஷம் பூக்கவில்லை.

பெரம்பூர் அம்மா:
உலர்த்துகிறவர்கள் தயவுசெய்து உயரத்தில் வையுங்கள். நான் தையில் எடுத்த கிழங்கை முறத்தில் போட்டு வைத்திருந்தேன். மாமியார் அதைப் பொங்கலுக்கு வாங்கிய சர்க்கரைவள்ளியோடு சேர்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். "இது என்னடி, கோணலா இருக்கு?" என்று கேட்டாரே, அந்தக் கேள்விதான் எங்களைக் காப்பாற்றியது. காந்தள் கிழங்கில் இருக்கும் கால்ச்சிசின் என்ற விஷம் வேகவைத்தாலும் போகாது. இரண்டு கிழங்கையும் ஒரே பாத்திரத்தில் பார்த்த அந்த நொடியை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இந்தச் செடியே வேண்டாம் என்பேன்.

காசிமேடு கடலோரம்:
அக்கா, அரளியும்தான் விஷம், தெருவுக்குத் தெரு நிற்கிறது. அதற்காக மாநிலப் பூவை வீட்டில் வைக்கக்கூடாதா? வேலிப் பக்கம் தானாக வந்த கொடியை மருந்துக்கென்று தோண்டித் தோண்டித்தான் இப்போது தேடி அலைகிறோம். கையுறை போட்டு எடுங்கள், டப்பாவில் பெயர் எழுதி மூடுங்கள், முடிந்தது. என் கதை சின்னது. பூ பச்சையும் மஞ்சளுமாக விரிந்ததைப் பார்த்து, விற்றவர் வேறு எதையோ தலையில் கட்டிவிட்டார் என்று சண்டைக்குப் போனேன். திரும்பி வந்தபோது இதழ் ஓரமெல்லாம் சிவக்க ஆரம்பித்திருந்தது. இன்றுவரை அந்தக் கடைப்பக்கம் போகவில்லை. காய் பிடிக்கவில்லை என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: மகரந்தத்தை வாங்க வேண்டிய சூல்தண்டு பக்கவாட்டில் ஒடிந்த மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், மகரந்தம் தானாகப் போய் விழுவது அபூர்வம். திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் இதைப் பயிரிடும் விவசாயிகள் காலையில் கையாலேயே மகரந்தத்தை எடுத்து அதில் தொட்டுவிடுகிறார்கள்.

பெரம்பூர் அம்மா:
அரளியை யாரும் சர்க்கரைவள்ளி என்று நினைத்து அவிக்க மாட்டார்கள் தம்பி.

வியாசர்பாடி மாடி:
தாத்தா, அந்த இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருந்தன. இப்போது ஞாபகம் வருகிறது, ஒன்று லேசாக ரோஸ் நிறத்தில் புடைத்திருந்தது. வண்டி அன்றைக்கே கொடுங்கையூர் போயிருக்கும். அந்தக் குப்பை மேட்டில் யாராவது காந்தள் பூத்திருப்பதைப் பார்த்தால், அது என்னுடையது.