ஃபார்ம் 7202: சுயதொழில்காரர்களின் கோவிட் கிரெடிட் கோப்புகளில் கண்டவை

வரிக் கணக்காளர், நியூ ஜெர்சி

விளம்பரங்களில் "எஸ்.இ.டி.சி." (சுயதொழில் வரிக் கிரெடிட்) என்று ஓடிய பெயரில் அமெரிக்க வரிச் சட்டத்தில் எதுவும் கிடையாது. இருந்தது 2020 மார்ச் 18-இல் கையெழுத்தான சட்டத்தின் கீழ் வந்த விடுப்புக் கிரெடிட், அதாவது கோவிட்டால் வேலை நின்ற நாட்களுக்கான வரிச் சலுகை. அதைக் கேட்கிற படிவம்தான் 7202. 2020 ஏப்ரல் 1 முதல் 2021 செப்டம்பர் 30 வரையிலான நாட்களுக்கு மட்டும்.

மறுக்கப்பட்ட கோப்புகளை எடுத்துப் பார்த்தால் முதல் கோளாறு காரணத்திலேயே இருக்கும். "சவாரி வரலை", "கிளையன்ட் கான்ட்ராக்டை நிறுத்திட்டாங்க" என்பதெல்லாம் செல்லாது. உங்களைத் தனிமைப்படுத்தும் அரசு உத்தரவு, டாக்டரின் அறிவுரை, அறிகுறி வந்து பரிசோதனைக்கு அலைந்தது, அப்படித் தனிமையில் இருந்தவரைக் கவனித்தது, கோவிட்டால் பள்ளியோ டே கேரோ மூடிப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது: இவற்றால் வேலை செய்ய முடியாமல் போன நாள்தான் கணக்கு. 2021 ஏப்ரலிலிருந்து தடுப்பூசி போட்ட நாளும் அதன் காய்ச்சலில் படுத்த நாளும் சேர்ந்தன. வழக்கமான கோடை விடுமுறையைப் பள்ளி மூடலாக எழுதியவர்கள் நிறைய. அது செல்லாது.

ஷெட்யூல் சி (சுயதொழில் லாப நஷ்டப் படிவம்) போடுகிறவர், டென்னசி

கணக்கை யாரும் போட்டே காட்டுவதில்லை, இதோ. ஷெட்யூல் சி லாபம் 62,000 டாலர் என்று வையுங்கள். அதை அப்படியே எடுக்கக் கூடாது, 92.35 சதவீதம்தான், அதாவது 57,257. அதை வருஷத்தின் வேலை நாள் கணக்கான 260-ஆல் வகுத்தால் நாளுக்கு 220.22. சொந்த உடம்புக்காக எடுத்த 10 நாளுக்கு முழுத் தொகை: 2,202. பிள்ளைக்காக 20 நாள் என்றால் நாளுக்கு 67 சதவீதம், 147.55, மொத்தம் 2,951. ஆக 5,153 டாலர்.

உச்ச வரம்பு சொந்த நோய்க்கு நாளுக்கு 511, பிறரைக் கவனிக்க 200. அந்த வருஷம் வருமானம் குறைவு என்றால் முந்தைய வருஷ நிகர வருமானத்தை எடுத்துக்கொள்ளும் தேர்வு உண்டு. நிறையப் பேர் இதைக் கவனிக்காமல் விட்டார்கள். நஷ்டம் என்றால் பூஜ்யம்தான். டபிள்யூ-2 (முதலாளி தரும் சம்பளச் சான்று) சம்பளத்தை இதில் சேர்க்க முடியாது. எஸ்-கார்ப் என்ற நிறுவன வகையின் முதலாளிகளுக்கும் 7202 பொருந்தாது. கணவன் மனைவி இருவரும் சுயதொழில் என்றால் ஆளுக்கொரு படிவம்.

வரிக் கணக்காளர், டெக்சாஸ்

விளம்பரங்களில் உச்சத் தொகையாக ஓடிய அந்த 32,220 டாலர் கிடைக்க என்ன வேண்டும் தெரியுமா? இரண்டு வருஷமும் நிகர வருமானம் குறைந்தது 132,860. அதோடு 20 நாள் சொந்த நோய், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள 110 நாள் குடும்ப விடுப்பு, எல்லாம் உண்மையாகவே வேலை நின்ற நாட்கள். ஊபர் ஓட்டுகிறவருக்கு அந்தத் தொகை போட்ட ரிட்டர்னைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும்.

வரிக் கணக்காளர், நியூ ஜெர்சி

டெக்சாஸ் சார் சொன்ன நாள் கணக்கில் இன்னொரு குழி இருக்கிறது. 2021 ஜனவரி முதல் மார்ச் வரை புதுக் கணக்கு இல்லை, 2020-இன் தொடர்ச்சி. 2020-இல் அனுமதித்த 10 நாளும் தீர்ந்திருந்தால் அந்த மூன்று மாதத்துக்கு நோய் விடுப்பு மிச்சமே இல்லை. குடும்ப விடுப்பின் 50 நாளும் அப்படித்தான். ஏப்ரல் 1-இல்தான் 10 நாள் மறுபடி துவங்கியது, குடும்ப விடுப்பும் 60 ஆனது. இதனால்தான் 2021 படிவத்தில் மார்ச் வரைக்கும் அதற்குப் பிறகுக்கும் தனித்தனிப் பகுதிகள். விடை ஷெட்யூல் 3 என்ற இணைப்புப் படிவத்தில் முறையே 13பி, 13எச் என்று இரண்டு வரியில் போகும். சில மென்பொருளில் எல்லாமே 13பி-யில் விழுந்திருந்தது. ஒரே நாளை நோய், குடும்பம் இரண்டிலும் போட்டதும் உண்டு. வேறு முதலாளியிடம் கோவிட் விடுப்புச் சம்பளம் வாங்கியிருந்தால் அதையும் கழிக்க வேண்டும். டபிள்யூ-2-இன் 14-ஆம் பெட்டியைப் பாருங்கள்.

என்ரோல்ட் ஏஜென்ட் (வரித் துறை முன் வாதாட உரிமம் பெற்றவர்), இல்லினாய்

புதிதாகக் கேட்கும் காலம் பொதுவாக முடிந்துவிட்டது. 2020-க்கு 2024 மே 17, 2021-க்கு 2025 ஏப்ரல். எக்ஸ்டென்ஷனில் (கூடுதல் அவகாசத்தில்) தாமதமாகத் தாக்கல் செய்தவர்களுக்கு மட்டும் தாக்கல் தேதியிலிருந்து மூன்று வருஷம் இருந்தது. இப்போது வருவதெல்லாம் கோரிக்கையை மறுக்கும் 105சி கடிதம்தான்.

கடிதம் வந்தால் நாட்களைத் தேதிவாரியாக எழுதுங்கள். பக்கத்திலேயே காரணம்: பரிசோதனை முடிவு, டாக்டரின் குறிப்பு, பள்ளி அனுப்பிய மூடல் மெயில், பிள்ளையின் பெயர், வயது. "மொத்தம் 50 நாள்" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினால் திரும்பி வரும். கவனம்: வழக்குத் தொடர இரண்டு வருஷம், மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து. பதில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதால் அந்தக் கெடு நீளாது. நீட்ட வேண்டுமென்றால் ஐ.ஆர்.எஸ்.ஸும் (அமெரிக்க வரித் துறை) கையெழுத்திடும் ஃபார்ம் 907 வேண்டும்.

தகுதியே இல்லாமல் பணம் வந்துவிட்டதா? ஐ.ஆர்.எஸ். கேட்கும் முன் 1040-எக்ஸ் (திருத்திய ரிட்டர்ன்) போட்டு, வட்டியோடு கட்டிவிடுவது மலிவு. தவறான ரீஃபண்ட் கோரிக்கைக்கு 20 சதவீத அபராதம் இருக்கிறது. கமிஷன் வாங்கிக்கொண்டு, தயாரித்த ரிட்டர்னில் கையெழுத்துப் போடாமல் போன தரகர் அப்போது ஃபோனை எடுக்க மாட்டார்.