ஆக்‌ஷன் கேமராவுக்கு அப்புறம்: கடலடியில் எனக்கு மாறியதும் மாறாததும்

கடலடிப் படங்களுக்கு ஆக்‌ஷன் கேமரா (கோப்ரோ போன்ற சின்ன வீடியோ கேமரா) போதவில்லை என்று தோன்றியதும் பலரும் சென்சார் அளவையும் மெகாபிக்சலையும் ஒப்பிட ஆரம்பிக்கிறார்கள். எனக்கு வித்தியாசம் அங்கிருந்து வரவில்லை. படம் எடுக்கிற உயிரினத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடிகிறது, வெளிச்சத்தை நாமே கொண்டுபோகிறோமா என்ற இரண்டும்தான் என் படங்களை மாற்றின.

என்னை மாறவைத்தது நுடிபிராங்க். ஓடு இல்லாத, விரல்நகம் அளவே உள்ள வண்ணக் கடல்நத்தை. ஆக்‌ஷன் கேமராவின் ஃபோகஸ் நிலையானது. ஏறக்குறைய 30 செ.மீ.க்கு உள்ளே வந்தால் படம் மங்கிவிடும். 30 செ.மீ. தள்ளியே பிடித்தால், அவ்வளவு அகலமான லென்ஸில் நத்தை ஒரு புள்ளியாகத்தான் தெரியும். மிகப் பக்கத்தில் இருப்பதை எடுப்பதற்காக முன்னால் மாட்டும் மேக்ரோ லென்ஸ் ஓரளவு உதவியது. ஆனாலும் கூர்மை ஒரே ஒரு தூரத்தில்தான் இருக்கும். அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு அந்தத் தூரத்தைக் கண்டுபிடிப்பதற்குள் நத்தை திரும்பிப் போய்விடும்.

அதனால் ஒலிம்பஸ் டிஜி-6 வாங்கினேன். இதன் சென்சார் ஆக்‌ஷன் கேமராவில் இருப்பதைவிடப் பெரியதல்ல, சமீபத்திய மாடல்களோடு ஒப்பிட்டால் கொஞ்சம் சிறியதுகூட. ஆனால் மைக்ரோஸ்கோப் மோடில் லென்ஸிலிருந்து 1 செ.மீ. வரை ஃபோகஸ் ஆகிறது. நத்தையின் தலையில் இருக்கும் இரண்டு கொம்புகளிலும் அடுக்கடுக்காக மடிப்புகள் உண்டு. அவற்றைப் படத்தில் எண்ண முடிந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

வெளிச்சத்தின் அருமையை எனக்குக் காட்டியது ஓர் அஞ்சாலை, பாம்பு போல நீண்ட விலாங்குமீன். சுமார் 18 மீட்டர் ஆழம். பாறை இடுக்கில் அது வாயைத் திறந்துகொண்டு அசையாமல் இருக்க, ஒரு துப்புரவு இறால் அதன் பற்களுக்கு நடுவே வேலை பார்த்துக்கொண்டிருந்தது. என் கண்ணுக்கு இறாலின் முதுகுப் பட்டைகள் கறுப்பாகத்தான் தெரிந்தன. ஸ்ட்ரோப் (கணநேரம் மின்னும் தனி ஃபிளாஷ் விளக்கு) அடித்து எடுத்த படத்தில் அவை ரத்தச் சிவப்பு! தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். 5 மீட்டரிலேயே அதில் பெரும்பகுதி போய்விடும். இது ஆழத்துக்கு மட்டும் பொருந்துவதல்ல, பக்கவாட்டிலும் அப்படித்தான். ஒரு மீட்டர் தள்ளி நின்று விளக்கு அடித்தால், வெளிச்சம் போகவரவே இரண்டு மீட்டர் தண்ணீரைக் கடக்கிறது. பக்கத்தில் போகச் சொல்வது அதனால்தான்.

ஆக்‌ஷன் கேமராவில் வீடியோ விளக்கு மாட்டலாம், ஸ்ட்ரோபை இயக்க முடியாது. டிஜி-6இல் கேமராவின் சொந்த ஃபிளாஷ், ஃபைபர் கேபிள் வழியாக வெளியே இருக்கும் ஸ்ட்ரோபைத் தூண்டுகிறது. அந்த ஒரு நொடித்துணுக்கு வெளிச்சத்தில் இறாலின் மீசைகூட உறைந்து நிற்கும். ஆனால் ஸ்ட்ரோபை லென்ஸுக்கு ஒட்டியே வைத்தால், தண்ணீரில் மிதக்கும் துகள்களெல்லாம் ஒளிர்ந்து படம் முழுக்கப் பனி பெய்த மாதிரி ஆகிவிடும். ஸ்ட்ரோபைத் தாங்கும் கம்பிக்கையை அகலமாக விரித்து, ஸ்ட்ரோபைச் சற்று வெளிப்பக்கமாகத் திருப்பி, ஒளிவட்டத்தின் ஓரம் மட்டும் உயிரினத்தின் மேல் விழும்படி வைப்பது நல்லது. கடலடியில் செயற்கை வெளிச்சத்தோடு போராடுவது புதிதும் அல்ல. பிரெஞ்சு உயிரியலாளர் லூயி பூத்தான் 1890களிலேயே மக்னீசியத்தை எரித்து முயன்றிருக்கிறார்.

மேண்டாவைச் சந்தித்த அன்று கதை தலைகீழானது. ஆனைத்திருக்கை என்றும் சொல்வார்களே, அதேதான். நேராக என்னை நோக்கி வந்து தலைக்கு மேலே கடந்துபோனது. டிஜி-6இன் பார்வைக்குள் ஒரு சிறகுதான் அடங்கியது. தட்டையான கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் லென்ஸின் பார்வையைத் தண்ணீர் குறுக்கிவிடும், 25 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 33 மி.மீ. போல நடந்துகொள்ளும். டிஜி-6 இருந்த ஹவுசிங்கின் (தண்ணீர் புகாத பெட்டி) தலையில் பழைய ஆக்‌ஷன் கேமராவும் மாட்டியிருந்ததால் தப்பித்தேன். முழு மேண்டாவும், பின்னால் சூரிய ஒளியும், ஆடாத வீடியோவாக அதில்தான் கிடைத்தது. 4கே வீடியோ டிஜி-6இல் நொடிக்கு 30 ஃபிரேம்தான். சமீபத்திய ஆக்‌ஷன் கேமராக்கள் 60ஐயும் தாண்டும், மெதுவாக ஓட்டிப் பார்க்க அதுவே வசதி.

அதனால் பெரிய விலங்குகளையும் பவளத்திட்டின் பரந்த காட்சிகளையும் வீடியோ எடுக்கத்தான் ஆசை என்றால், கேமராவை மாற்றவே வேண்டாம் என்பேன். கேமராவை மாட்ட நல்ல இரண்டு கைப்பிடி வைத்த தட்டு, இரண்டு விளக்கு, விளக்கில்லாமல் எடுக்கும்போது 5 முதல் 20 மீட்டர் ஆழத்துக்கு ஒரு சிவப்பு ஃபில்டர், அவ்வளவு போதும். விளக்கு எரியும்போது ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். சின்ன உயிரினங்கள், ஸ்டில் படங்கள் என்றால் மாறுங்கள். அதற்கு முன்னால் மிதப்புக் கட்டுப்பாடு கைக்கு வரட்டும். 1 செ.மீ. பக்கத்தில் போய்ப் படமெடுக்கிறவர் ஒரு விரல்கூடப் பவளத்தில் படாமல் நிற்க வேண்டும். அது வராதவரை மேக்ரோ பக்கம் போகாதீர்கள்.

ஹவுசிங் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிஜி-6 தனியாக 15 மீட்டர் தாங்கும் என்றாலும் டைவிங்குக்கு ஹவுசிங் கட்டாயம், அதன் சொந்த ஹவுசிங் 45 மீட்டர் வரை. புது ஹவுசிங்கை முதல் தடவை வெறுமனே இறக்கிப் பாருங்கள், கேமரா உள்ளே வேண்டாம். ஹவுசிங் மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி இருந்தாலே தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். கிரீஸை மெல்லிசாக, அந்த ஓ-ரிங்குக்கென்று கொடுத்ததை மட்டும் தடவுங்கள். பொருந்தாத கிரீஸ் ரப்பரை உப்பவைக்கும். ஹவுசிங்கை ஈரமில்லாத குளிர்ந்த அறையில் மூடினால் உள்ளே ஆவி படிவது குறையும். மேலே வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, ஊறும்போதே எல்லாப் பட்டன்களையும் அழுத்திவிடுங்கள்.

அடுத்து அகலக் காட்சிக்காக வெட் லென்ஸ் (தண்ணீருக்குள்ளேயே ஹவுசிங்குக்கு முன்னால் மாட்டிக் கழற்றும் லென்ஸ்) வாங்குவதா, 1 இன்ச் சென்சார் கேமராவுக்குப் போவதா என்று யோசிக்கிறேன். அந்த சென்சாரின் பரப்பு டிஜி-6இல் இருப்பதைப் போல நான்கு மடங்கு. ஆனால் மேக்ரோவுக்கு வெளியே தனி லென்ஸ் மாட்டியாக வேண்டும். அப்படி மாட்டி எடுப்பவர்கள் யாராவது இருந்தால், வெளிச்சம் குறைந்த இடத்தில் ஃபோகஸ் பிடிக்கத் திணறுகிறதா, ஃபோகஸ் விளக்கு அவசியமா என்று சொல்லுங்கள்.