எல்லாவற்றிலும் மனைவிதான் நாமினி. தனியாக உயில் தேவையா?

படகுத்துறை:
வீட்டுக் கடனில் வாங்கிய ஒரு ஃபிளாட், இரண்டு வங்கிகளில் ஃபிக்சட் டெபாசிட், மியூச்சுவல் ஃபண்ட், ஒரு டேர்ம் இன்சூரன்ஸ். எல்லாமே சுய சம்பாத்தியம். குடும்பத்தில் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், பத்தாம் வகுப்பு மகன், என் அம்மா. எங்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். எல்லா இடத்திலும் மனைவியை நாமினியாகப் போட்டாயிற்று. இதற்கு மேல் உயில் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். எழுதுவதென்றால் முத்திரைத்தாள் வேண்டுமா? சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது? பதிவு கட்டாயமா?

ஆவணப்பெட்டி:
நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உள்ளவர், அவ்வளவுதான். வங்கி அவரிடம் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. அந்தப் பணம் யாருக்குச் சொந்தம் என்பதை உயில் சொல்லும். உயில் இல்லையென்றால் வாரிசுரிமைச் சட்டம் சொல்லும். பங்குகளுக்கும் இதே நிலைதான் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவுபடுத்திவிட்டது. இன்சூரன்ஸில் மட்டும் சட்டத்தின் 2015 திருத்தம் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரைப் பயன்பெறும் நாமினி, அதாவது பணம் தமக்கே சொந்தமாகும் நாமினி, என்கிறது. அதிலும் உயர் நீதிமன்றங்கள் ஒரே மாதிரித் தீர்ப்பு சொல்லவில்லை. அதனால் பாலிசியையும் உயிலில் சேர்த்துவிடுங்கள்.

உயில் இல்லாமல் போனால் உங்கள் சொத்து நான்கு சம பங்காகும்: மனைவி, மகள், மகன், அம்மா. பலர் தாயை மறந்துவிடுகிறார்கள்; 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் முதல் வகுப்பு வாரிசு, அதாவது மனைவி, பிள்ளைகளோடு சேர்ந்து பங்கு பெறுபவர். அவருக்கு வரும் கால் பங்கு, அவருக்குப் பிறகு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். உங்கள் உடன்பிறந்தவர்களும் அதில் வருவார்கள். மகன் 18 வயதை எட்டும்வரை ஃபிளாட்டில் அவன் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். கடனை அடைக்க வீட்டை விற்க நேர்ந்தால் உங்கள் மனைவி இங்கேதான் மாட்டிக்கொள்வார்.

உயில் எழுதினாலும் நாமினியை நீக்க வேண்டாம். உயிலில் எதை யாருக்கு எழுதுகிறீர்களோ, அதற்கு அவரையே நாமினியாக வைத்தால் சிக்கல் பாதி குறையும். 2025 நவம்பர் 1 முதல் வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை சதவீதம் பிரித்து நாமினியாகப் போடலாம்.

குறிஞ்சிமலர்:
முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாள் போதும், கையாலும் எழுதலாம். உயில்கள் பெரும்பாலும் தோற்பது சாட்சியில்தான், அதைக் கவனியுங்கள்.

1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்பது இது: குறைந்தது இரண்டு சாட்சிகள், நீங்கள் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்து" என்று நீங்களே அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும், பிறகு ஒவ்வொருவரும் உங்கள் முன்னால் கையெழுத்திட வேண்டும். தாளைச் சாட்சியின் வீட்டுக்கு அனுப்பி மறுநாள் கையெழுத்து வாங்கி வருவது செல்லாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதுங்கள்: "மேற்படி உயில் எழுதியவர் எங்கள் முன்னிலையில் கையெழுத்திட்டார், அவர் முன்னிலையில் நாங்கள் இருவரும் சாட்சிக் கையெழுத்திட்டோம்." கீழே இருவரின் முழுப்பெயர், முகவரி, தேதி.

பின்னால் வழக்கு வந்தால் உயிரோடு இருக்கும் சாட்சி ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். ஆகவே உங்களைவிட வயதில் இளையவர், தேடினால் கிடைக்கக்கூடியவர் நல்லது. பங்கு பெறுபவரையோ அவருடைய கணவன், மனைவியையோ போடவே வேண்டாம். கிறிஸ்தவர்களுக்கு அப்படிச் செய்தால் சாட்சியின் பங்கே செல்லாமல் போகும். இந்துக்களுக்கு அந்த விதி பொருந்தாவிட்டாலும் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும்.

எழுதும்போது டெபாசிட் ரசீது எண்ணை மட்டும் நம்பாதீர்கள். புதுப்பித்தால் எண் மாறும், "உயிலில் உள்ள டெபாசிட் இது இல்லை" என்று தகராறு வரும். "இன்ன வங்கியில் என் பெயரில் அன்று இருக்கும் எல்லா டெபாசிட்டும்" என்று எழுதுங்கள். முடிவில் "இதில் குறிப்பிடாத, இனி நான் வாங்கும் சொத்து அனைத்தும்" யாருக்கு என்று ஒரு வரி கட்டாயம். மனைவி உங்களுக்கு முன்பே போய்விட்டால் யாருக்கு என்பதும், வீட்டுக் கடன் பாக்கியை எந்தப் பணத்திலிருந்து அடைப்பது என்பதும் வேண்டும். அம்மாவுக்குப் பங்கு வைக்காவிட்டால் அவருடைய செலவுக்கு என்ன ஏற்பாடு என்று காரணத்தோடு எழுதுங்கள். அதைப் படிக்கும் நீதிபதிக்கு உயில் இயல்பாகத் தெரியும்.

அடித்துத் திருத்தாதீர்கள். திருத்தம் செல்ல வேண்டுமானால் அந்த இடத்தில் நீங்களும் சாட்சிகளும் மறுபடி கையெழுத்திட வேண்டும். தேதி போட்டுப் புதிதாக எழுதுவதே சுலபம்.

படகுத்துறை:
மிக்க நன்றி. பதிவைப் பற்றி? உயிலுக்குப் பதில் ஃபிளாட்டை இப்போதே பிள்ளைகளுக்கு செட்டில்மென்ட் எழுதச் சொல்கிறார் ஒருவர்.

ஆவணப்பெட்டி:
பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் செய்யுங்கள். காலக்கெடு கிடையாது, எழுதிப் பல வருடம் கழித்தும் பதியலாம். நீங்கள் அதிகாரி முன் நேரில் போய் ஒப்புக்கொண்டது ஆதாரமாக நிற்கும், தாள் தொலைந்தாலும் பதிவேட்டில் நகல் இருக்கும். ஆனால் சாட்சியில் உள்ள குறையைப் பதிவு சரிசெய்யாது. பின்னால் எழுதிய பதியாத உயில்கூட முன்னால் பதிந்ததை ரத்து செய்துவிடும். பதியாமல் ரகசியமாக வைக்க நினைத்தால், சீலிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வழி இருக்கிறது.

செட்டில்மென்ட் வேண்டாம் என்பேன். எழுதிப் பதிந்த அன்றே வீடு கைமாறிவிடும், நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது. உயிலை உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். தவிர, ஃபிளாட் அடமானத்தில் இருக்கிறது, வங்கி சம்மதிக்க வேண்டும். பின்னாளில் யாருக்காவது எழுதுவதானால் "என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கவும். 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் அதை ரத்து செய்யக் கேட்கும்போது எதிர்த்தரப்பு முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

குறிஞ்சிமலர்:
ஒன்று விட்டுப்போயிற்று. உயிலை நிறைவேற்றப் பொறுப்பாக ஒருவரையும், அவரால் முடியாவிட்டால் இன்னொருவரையும் நியமியுங்கள், மனைவியே இருக்கலாம். அசல் எங்கே என்று அந்த இருவருக்கும் தெரிய வேண்டும். உங்கள் பெயரில் மட்டும் உள்ள வங்கி லாக்கரில் வைக்காதீர்கள். லாக்கரைத் திறக்கவே சில ஆவணங்கள் கேட்பார்கள், உயில் உள்ளே கிடக்கும்.