9001, 14001, 45001 மூன்றையும் இணைக்கிறோம், ரிஸ்க் பட்டியலில் சிக்கல்: உதவி தேவை

வணக்கம். எங்கள் குழுமத்துக்குக் கோவை, ஓசூர் உட்பட நான்கு இடங்களில் ஆலைகள் உண்டு. பெரியது ஃபவுண்டரி, அதாவது உலோகத்தை உருக்கி அச்சில் வார்க்கும் ஆலை. தரத்துக்கான 9001, சுற்றுச்சூழலுக்கான 14001, தொழிலாளர் பாதுகாப்புக்கான 45001 என மூன்று ஐ.எஸ்.ஓ. சான்றிதழும் தனித்தனியாக இருக்கின்றன. அவற்றை ஒரே மேலாண்மை முறைமையாக்கும் பொறுப்பு எங்கள் குழுவுக்கு. ஆவணக் கட்டுப்பாடும் உள்தணிக்கையும் சேர்ந்துவிட்டன. ரிஸ்க் பட்டியலில்தான் நிற்கிறோம்.

தலைமை அலுவலகம் தந்த படிவத்தில் தரம், சுற்றுச்சூழல், பாதுகாப்பு மூன்றுக்கும் ஒரே மதிப்பெண்: தீவிரம் பெருக்கல் வாய்ப்பு. வரிசைப்படுத்தினால் தினமும் வரும் வார்ப்புக் குறைகள் மேலே நிற்கின்றன. ஈரமான ஸ்கிராப் (உருக்கப் போடும் பழைய உலோகம்) விழுந்து உலை வெடிக்கும் அபாயம் எங்கோ அடியில் கிடக்கிறது. மென்பொருள் வாங்கினால் சரியாகும் என்கிறார்கள். அப்படியா?

மறுமொழி 1 (தணிக்கைப் பணியில் இருப்பவர்)

சரியாகாது. இதே வரிசையை மென்பொருள் இன்னும் வேகமாகக் காட்டும், அவ்வளவுதான்.

மூன்று தரநிலைகளுக்கும் 4 முதல் 10 வரை பிரிவுகளின் சட்டகம் ஒன்று. அதனால் எல்லாமே ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். ரிஸ்க் பற்றிய பிரிவு 6.1-ஐ ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் படியுங்கள். 9001 முறையான ரிஸ்க் மதிப்பீட்டு வழிமுறையைக் கட்டாயமாக்கவில்லை. 14001 சுற்றுச்சூழல் அம்சங்களைக் கண்டறிந்து, எவை முக்கியமானவை என்று அளவுகோல் வைத்துத் தீர்மானிக்கச் சொல்கிறது. 45001 ஆபத்துகளைத் தொடர்ந்து கண்டறியச் சொல்கிறது, அதோடு 8.1.2-இல் கட்டுப்பாட்டு வரிசையும் வருகிறது: முதலில் ஆபத்தை நீக்கு, முடியாவிட்டால் மாற்று, பிறகு பொறியியல் ஏற்பாடு, நிர்வாக ஏற்பாடு, கடைசியில்தான் பாதுகாப்புக் கவசம். ஒற்றை மதிப்பெண்ணில் இந்த வேறுபாடு தொலைந்துவிடும்.

பட்டியலை அல்ல, செயல்முறையைப் பொதுவாக்குங்கள். நாக்-அவுட் பகுதியையே பாருங்கள். அங்கே மணல் அச்சை உடைத்து வார்ப்பை எடுக்கும்போது தரக்காரருக்கு வார்ப்பில் விரிசல், சுற்றுச்சூழல்காரருக்குக் கழிவு மணல், பாதுகாப்புக்காரருக்கு நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா தூசி. வேலை ஒன்று, கேள்வி மூன்று. ஒரு செயல்முறைக்கு ஒரு பக்கம் போடுங்கள்; அதில் மூன்று பத்திகள், அவரவர் அளவுகோலோடு. உயிர் போகக்கூடிய ஆபத்து எதுவானாலும், வாய்ப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும், நேராக மேல்மட்டக் கூட்டத்துக்குப் போக வேண்டும் என்று விதி வையுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி சார். இது தெளிவாக இருக்கிறது. உலோகத்தை உருக்கும் பிரிவில் தொடங்குகிறோம். ஒரு சந்தேகம்: அங்கே பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள், வடமாநிலத்தவர். ஆபத்து கண்டறியும் கூட்டத்துக்கு அவர்களையும் கூப்பிட வேண்டுமா? ஒப்பந்ததாரர் வந்தால் போதும் என்கிறார் ஆலை மேலாளர்.

மறுமொழி 2 (ஃபவுண்டரி பாதுகாப்பு அலுவலர்)

போதாது தம்பி. உங்கள் கட்டுப்பாட்டில் வேலை செய்யும் ஒப்பந்தக்காரரின் ஆளும் 45001 கணக்கில் தொழிலாளிதான். பிரிவு 5.4 மேலாளர் அல்லாதவர்களோடு கலந்தாலோசிக்க வேண்டும் என்று தனியாக அழுத்திச் சொல்கிறது. மற்ற இரண்டு தரநிலைகளிலும் இப்படி ஒரு பிரிவே இல்லை. அதனால்தான் இணைக்கும்போது முதலில் காணாமல் போவது இதுதான்.

இரவு ஷிப்டில் உலைக்கு ஸ்கிராப் போடுகிறவரை இந்தியிலோ ஒடியாவிலோ, அவருக்குப் புரியும் மொழியில் கேளுங்கள். மழைக்காலத்தில் எந்தக் குவியல் நனைகிறது, மூடிய குழாய்த் துண்டுகள் எந்த லோடில் வருகின்றன என்று அவருக்குத் தெரியும். திரவ உலோகத்துக்கு அடியில் மாட்டும் நீர் ஒரே கணத்தில் ஆவியாகி, உலோகத்தை வெளியே வீசிவிடும். கூரை போட்ட யார்டும் ஸ்கிராப்பை உலர்த்தும் ஏற்பாடும்தான் இதற்கு நிஜமான கட்டுப்பாடு. எச்சரிக்கைப் பலகை அதற்கு ஈடாகாது.

மறுமொழி 1

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மாற்றங்களுக்கு ஒரே படிவம். மோல்டிங்கில், அதாவது அச்சு செய்யும் இடத்தில், மணலை ஒட்டவைக்கும் பைண்டரை மாற்றினால் வார்ப்பின் மேற்பரப்பும் மாறும், கழிவு மணலின் தன்மையும் மாறும், ஆட்கள் சுவாசிக்கும் புகையும் மாறும். மூன்று துறையும் கையெழுத்திடாமல் கொள்முதல் ஆணை போகக் கூடாது. மென்பொருள் வாங்குவதானால் முதலில் இந்தப் படிவத்தை அதில் ஏற்றுங்கள், அப்புறம் மற்றவை.